ஆட்டிசத்தோடு பார்வைக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ சேர்ந்த பிள்ளை உங்கள் வகுப்புக்கு வந்தால்: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று கேட்டால், 'படமாகக் காட்டுங்கள்' என்பார்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளை என்றால், 'உங்கள் முகத்தைப் பார்க்க வைத்துப் பேசுங்கள்' என்பார்கள். பார்வை இல்லாத பிள்ளைக்கு, 'கையில் கொடுங்கள், வாயால் விவரியுங்கள்' என்பார்கள். மூன்றுமே சரியான ஆலோசனைதான். ஆனால் இதில் இரண்டு ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வரும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். உதட்டைப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு முகத்தைப் பார்ப்பதே பெரும் சிரமமாக இருக்கும். தொட்டு அறிய வேண்டிய பிள்ளை தொட்டாலே கையை இழுத்துக்கொள்ளும். பட அட்டவணை மாட்டினால் அது தெரியவே தெரியாது.

பயிற்சிகளில் இவற்றைத் தனித்தனிப் பாடமாகச் சொல்லித் தந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முட்டல் வகுப்பறையில்தான் தெரிகிறது. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை, புதிதாக இப்படி ஒரு பிள்ளையை ஏற்கப்போகும் ஆசிரியருக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். சிறப்பாசிரியர் உடன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இதில் முக்கால்வாசியை நீங்களே செய்யலாம்.

1. பிள்ளை வருவதற்கு முன் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

'ஆட்டிசம், காது குறைபாடு' என்று ஒரு சான்றிதழில் ஒற்றை வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சான்றிதழ் சலுகைக்குத்தான் உதவும். பாடம் நடத்த உதவாது. உங்களுக்கு வேண்டியவை வேறு.

செவித்திறன் குறைபாடு இருந்தால் ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைப் படம். இரண்டு காதுக்கும் தனித்தனியாக, காது மிஷின் போட்டும் போடாமலும் எடுத்தது. வளரும் பிள்ளைக்குக் கேட்கும் அளவு மாறக்கூடும் என்பதால் பழையது போதாது. ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடப்பக்கம் தடித்த குரல் போன்ற கீழ் ஒலிகள், வலப்பக்கம் விசில் போன்ற மேல் ஒலிகள். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு சத்தமாக ஒலித்தால்தான் கேட்கும். வலப்பக்கம் மட்டும் சரிந்து இறங்கினால், கூப்பிட்டால் பிள்ளை திரும்பும். ஆனால் ஸ், ஷ், ச போன்ற ஒலிகளைத் தவறவிடும். 'கூப்பிட்டால் கேட்கிறதே, வேண்டுமென்றே கவனிக்கவில்லை' என்ற பழி பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது.

பார்வைக் குறைபாடு இருந்தால் 6/60 போன்ற எண் மட்டும் போதாது. அருகில் எவ்வளவு தெரிகிறது, பார்வைப் பரப்பு எவ்வளவு, மங்கலான நிறவேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறதா, கூசுகிறதா என்ற நான்கும் எழுதியிருக்க வேண்டும். அன்றாட வேலைகளில் பிள்ளை பார்வையை எப்படிப் பயன்படுத்துகிறது என்று சோதித்து எழுதும் செயல்நிலைப் பார்வை மதிப்பீடு கிடைத்தால் மிக நல்லது. 'கண் பரிசோதனையில் கோளாறு இல்லை' என்று இருந்து, பிள்ளை பார்க்கத் திணறினால், மூளைசார் பார்வைக் குறைபாடு இருக்குமா என்று கேட்டுவரச் சொல்லுங்கள். கண் நன்றாக இருக்கும். மூளை அந்தக் காட்சியைப் பிரித்தறியத் திணறும். காலையில் தெரிந்தது களைத்துப்போன மாலையில் தெரியாது. நிறைய பொருள்கள் குவிந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. பொருளை எடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். இதையெல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம்.

ஆட்டிசம் பற்றிய மதிப்பீட்டில் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: இதைச் செய்தவருக்குப் பிள்ளையின் காது, கண் நிலை முன்பே தெரியுமா? பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைகள் சிலர் உடலை ஆட்டுவார்கள், கண்ணை அழுத்துவார்கள், சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள், 'நான்' என்பதற்கு 'நீ' என்பார்கள். இவை ஆட்டிசம் இல்லாமலும் வரும். எதிர்ப்பக்கமும் உண்டு: காது கேட்காததால்தான் பேசவில்லை என்று நினைத்து ஆட்டிசத்தைப் பல ஆண்டு கவனிக்காமல் விடுவார்கள்.

வலிப்பு வருமா, என்ன மருந்து, எப்போது கொடுப்பது என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படும். கடைசியாக, பெற்றோரிடம் ஒரே பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எதைப் பார்த்தால் பயம், எது பிடிக்கும், 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்வான் அல்லது சொல்வாள், 'கழிப்பறை போக வேண்டும்' என்பதை எப்படிக் காட்டும். என் அனுபவத்தில் மற்ற எல்லாக் காகிதங்களையும்விட அதிகம் கையில் எடுத்துப் பார்ப்பது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

நேரக் கணக்கு: புதிய பரிசோதனைகளுக்கு முறை கிடைக்க வாரங்கள் ஆகலாம், சில இடங்களில் மாதங்களே ஆகும். எனவே சேர்க்கை முடிவான அன்றே கேட்டுவிடுங்கள். இந்தக் காகிதங்களை யார் யார் பார்க்கலாம் என்று பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதையும் மறக்க வேண்டாம்.

2. முதல் இரண்டு வாரம் பாடத்தைவிடப் பார்ப்பது முக்கியம்

இந்தப் பிள்ளைக்குத் தகவல் எந்த வழியாக உள்ளே போகிறது? கண்ணா, காதா, கையா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கும் எந்த உபகரணமும் அலமாரியில்தான் தூங்கும். பிறகு வரும் எல்லாப் படிகளும் இந்த விடையைப் பொறுத்தவை.

செய்வது சுலபம். ஒரு தாளில் நான்கு பத்திகள்: நேரம், என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, எந்தப் புலன். புதிய பொருள் ஒன்றைக் கொடுத்தால் முதலில் பார்க்கிறதா, தடவுகிறதா, காதருகே வைத்துத் தட்டுகிறதா, முகர்கிறதா என்று எழுதுங்கள். நாளின் வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு இடங்களில், ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். இரண்டு வாரத்தில் ஒரு போக்கு தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு புலன் முதன்மையாகவும், இன்னொன்று துணையாகவும் இருக்கும்.

அதே தாளில் இன்னொன்றையும் பாருங்கள்: எந்தப் புலன் தாங்க முடியாமல் தவிக்கிறது, எது தேடித் தேடிப் போகிறது? ஆட்டிசத்தில் இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். மெல்லிய வருடலுக்குத் துள்ளுகிற பிள்ளை, இறுக்கமான அணைப்பைத் தேடி வரும்.

'காது கேட்காத பிள்ளைக்குச் சத்தம் எப்படித் தொந்தரவாகும்?' என்று கேட்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். உள்காது நரம்பு சார்ந்த குறைபாட்டில் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி கொஞ்சம் கூடியதும் திடீரென்று மிகச் சத்தமாகத் தோன்றும். கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகிப்போகிறது. இதோடு ஆட்டிசத்தின் ஒலிக் கூச்சமும் சேர்ந்தால், கருவியைப் பிடுங்கி எறிவதில் வியப்பே இல்லை.

3. அறையைச் சரிசெய்யுங்கள்

முன்வரிசை நடுவில் உட்கார வைப்பதுதான் வழக்கம். பல நேரம் அது தவறான இடம். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் நகர்வதை ஆட்டிசம் உள்ள பிள்ளையால் தாங்க முடியாது. காது குறைபாடு இருந்தால், யார் பேசுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில், இரண்டாவது வரிசையில், முதுகுக்குப் பின் சுவர் அல்லது அலமாரி இருக்கும்படி ஓர் இடம் பாருங்கள். நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கட்டும். மின்விசிறி, கதவு, சன்னல், வெளிநடை ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

பார்வைக் குறைபாடு இருந்தால் வெளிச்சம் பிள்ளையின் முதுகுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். நீங்கள் சன்னலுக்கு முன்னால் நின்று பேசாதீர்கள். உங்கள் முகம் வெறும் நிழலாகத்தான் தெரியும். உதடு பார்க்கும் பிள்ளைக்கும் அதே பாதிப்பு. கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் தலையைச் சாய்த்து ஒரு கோணத்தில் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் குறைந்து தெளிவாகத் தெரியும். 'நேராக உட்கார்' என்று திருத்தாமல், அந்தக் கோணத்துக்கு ஏற்ப நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உதவும். தூரம் இரு மடங்கானால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். காது குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆசிரியர் குரல் பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருப்பது நல்லது என்பார்கள். கத்திப் பேசி இதை எட்ட முடியாது. கத்தினால் உதட்டசைவும் கோணலாகும். கிட்டே போவது, இரைச்சலைக் குறைப்பது, இரண்டே வழி. நாற்காலிக் கால்களில் கீறிய டென்னிஸ் பந்தையோ ரப்பர் குமிழையோ மாட்டினாலே கரகரப்பு பாதி அடங்கும். திரைச்சீலை, பாய், துணி ஒட்டிய அறிவிப்புப் பலகை எல்லாம் எதிரொலியை உறிஞ்சும்.

சுவர் அலங்காரத்தைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பிள்ளை பார்க்கும் திசையில் உள்ள சுவர் காலியாக இருக்கட்டும். கரும்பலகையைச் சுற்றி வண்ணத் தாள், தோரணம், மாணவர் படைப்பு என்று நிரப்பினால், மூளைசார் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பலகையே தொலைந்துபோகும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கவனம் சிதறும். படைப்புகளைப் பின்சுவரில் மாட்டுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இதில் எந்த நட்டமும் இல்லை.

4. காலையில் கருவிகளுக்கு இரண்டு நிமிடம்

காது மிஷின் காதில் இருக்கிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. பேசத் தெரியாத பிள்ளையால் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று சொல்லவும் முடியாது. தினமும் லிங் ஆறு ஒலிச் சோதனை செய்யுங்கள். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாக, இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கேட்டதும் பிள்ளை கை தூக்கலாம், ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போடலாம். இந்த ஆறும் பேச்சின் கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை தொடும். நேற்று கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் கருவியைப் பாருங்கள். கருவி சரி என்றால் பெற்றோரிடம் சொல்லுங்கள். சளி பிடித்தாலே மாறும்.

துத்தநாகக் காற்று பேட்டரி என்றால், வண்ண ஒட்டியைப் பிரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். விசில் சத்தம் வந்தால், காதுக்குள் பொருந்தும்படி செய்த காது அச்சு சிறிதாகிவிட்டது என்று பொருளாக இருக்கலாம். வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு தேவைப்படும். இந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கருவியை அடிக்கடி கழற்றினால் தண்டிக்க வேண்டாம். எப்போது கழற்றுகிறது என்று எழுதுங்கள். கூட்டமான இடத்தில் மட்டும் கழற்றினால் அதிகபட்ச ஒலி அளவு கூடுதலாக வைக்கப்பட்டிருக்கலாம். செவித்திறன் நிபுணரால் அதைக் குறைக்க முடியும். அமைதியான அறையில், பிடித்த வேலையோடு, சில நிமிடங்களில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். 'கொஞ்ச நேரம் அணைத்து வைக்க வேண்டும்' என்று கேட்க ஓர் அட்டையோ சைகையோ கற்றுக்கொடுங்கள். அது கிடைத்ததும் எறிவது பெரும்பாலும் குறையும்.

கண்ணாடி, உருப்பெருக்கி, வெண்கோல் எல்லாவற்றுக்கும் இதே ஒழுக்கம்தான்: காலையில் துடைத்து, இருக்கிறதா என்று பார்த்து, எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள்.

5. நாளின் ஒழுங்கைப் பிள்ளைக்குப் புரியும் வடிவில் வையுங்கள்

எல்லாவற்றிலும் பலன் அதிகம் தருவது இந்தப் படி. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத தவிப்பே பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம். கண்ணோ காதோ குறைந்திருந்தால் அந்தத் தவிப்பு இரட்டிப்பாகும். மற்றப் பிள்ளைகள் மணி அடிப்பதையும், பக்கத்தில் இருப்பவர் பையை மூடுவதையும் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்தக் குறிப்புகள் வருவதில்லை.

இரண்டாம் படியில் கிடைத்த விடையை இங்கே பயன்படுத்துங்கள். பார்வை நன்றாக இருந்து காது குறைபாடு மட்டும் என்றால் பட அட்டவணை. பார்வை ஓரளவு இருந்தால், கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு பொருளின் பெரிய படம், அட்டைக்கு ஒன்று. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், கூசும். மேட் தாள் கிடைக்கும். பார்வை இல்லை என்றால் பொருள் அட்டவணை: ஒரு நீளப் பெட்டியை அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் அடுத்த வேலையைக் குறிக்கும் ஒரு பொருள். சாப்பாட்டுக்குக் கரண்டி, விளையாட்டுக்குப் பந்து, கணக்குக்கு மணிச்சட்டத்தின் ஒரு மணி. பொருளை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போய், முடிந்ததும் 'முடிந்தது' பெட்டியில் போட வேண்டும். பிரெயில் படிக்கும் பிள்ளை என்றால் பொருளின் அருகே சொல்லையும் ஒட்டலாம்.

பார்வையில்லாத பிள்ளைக்குப் பொருளின் சின்னப் பொம்மை வடிவத்தைக் கொடுக்காதீர்கள். விரல் நீளப் பிளாஸ்டிக் பேருந்து நமக்குப் பேருந்து மாதிரி தெரிகிறது. தடவுகிறவருக்கு அது ஒரு வழவழத் துண்டு. பேருந்தில் தினமும் தொடும் இருக்கைப் பட்டையின் ஒரு துண்டு என்றால் புரியும்.

முதலில் 'இப்போது, அடுத்து' என்ற இரண்டு அறைகள் மட்டும். அது பிடிபட்ட பிறகு அரை நாள், அப்புறம் முழு நாள். திடீர் மாற்றத்துக்கென்று ஒரு தனிக் குறியை, உதாரணமாகச் சொரசொரப்பான ஓர் அட்டையை, ஒதுக்கி வையுங்கள். அதை முதலில் நல்ல மாற்றங்களுக்குப் பயன்படுத்திப் பழக்குங்கள். முதல் முறையே கெட்ட செய்தியோடு அறிமுகமானால் அந்த அட்டையைக் கண்டாலே பிள்ளை அலறும்.

தனி வேலைக்கு உட்கார்த்தும்போது நான்கு விஷயங்கள் கேட்காமலே தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், அதற்கப்புறம் என்ன. இது ஆட்டிசத்துக்காக உருவான டீச் (TEACCH) என்னும் கற்பித்தல் முறையின் அடிப்படை. இடப்பக்கத் தட்டில் மூன்று வேலைகள், வலப்பக்கத்தில் காலித் தட்டு என்று வைத்தால், கண் தெரியாத பிள்ளையும் தடவிப் பார்த்தே நான்கையும் அறிந்துகொள்ளும். நேரத்தைக் காட்ட மணற்கடிகாரம். பார்வை இல்லை என்றால் அதிரும் டைமர்.

பலன் தெரிய எத்தனை நாள்? தினமும் தவறாமல் செய்தால் மூன்று வாரமாவது கொடுங்கள். பொருள் அட்டவணைக்கு மாதங்களும் ஆகலாம். ஒரே நேரத்தில் ஐந்து உத்திகளைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். ஒன்றைத் தொடங்கி, நிலைத்த பிறகு அடுத்தது.

6. பேசும் முறையை மாற்றுங்கள்

முதலில் பெயர், பிறகு செய்தி. சுருக்கமாக ஒரு வாக்கியம். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருங்கள். நாம் பொறுமையிழந்து அதே செய்தியை வேறு சொற்களில் சொல்வோம். பிள்ளைக்கோ அது புதிய செய்தி, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அப்படியானால் உதடு பார்க்க வேண்டிய பிள்ளைக்கு என்ன வழி? உங்கள் வாயருகே பாடப் பொருளைப் பிடித்துப் பேசலாம். கண்ணைச் சந்திக்காமலே வாய் தெரியும். முக்கியச் சொற்களைச் சைகையோடோ எழுத்தோடோ சேர்த்துச் சொல்லுங்கள். உதட்டை மட்டும் நம்பவும் கூடாது. 'படி'யும் 'மடி'யும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்பவற்றில் வேறுபாடு கடைசி மெல்லிய ஒலியில் மட்டும் இருப்பதால், அது காதிலும் விழாது, உதட்டிலும் தெரியாது. தமிழ் இலக்கணப் பயிற்சியில் பிள்ளை தொடர்ந்து இதையே தவறாக எழுதினால் காரணம் இதுவா என்று பாருங்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். சைகை மொழி பார்க்கும் பிள்ளையால் ஒரே நேரத்தில் பலகையையும் கையையும் பார்க்க முடியாது. பார்வை இல்லாத பிள்ளையிடம் 'அங்கே வை', 'இதை எடு' என்பது வெற்றுப் பேச்சு. 'உன் வலக்கைப் பக்கம், மேசை ஓரத்தில்' என்று சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். செய்துகாட்டச் சொல்லுங்கள்.

சைகை மொழி பயன்படுத்தும் ஆட்டிசப் பிள்ளைகள் சிலர் உள்ளங்கையைத் தலைகீழாகத் திருப்பிச் சைகை செய்வதுண்டு. எதிரே இருப்பவர் கை எப்படித் தெரிகிறதோ அப்படியே எடுத்துக்கொள்வதால் வருவது அது. பக்கத்தில், அதே திசை பார்த்து உட்கார்ந்து செய்து காட்டினால் சிலருக்கு உதவுகிறது.

7. கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

பார்வையில்லாத பிள்ளைக்குக் கையே கண். அதை எதிர்பாராமல் பிடித்து ஒரு பொருள்மேல் வைப்பது, நம் தலையைப் பிடித்துத் திருப்புவதற்குச் சமம். உங்கள் கையைப் பிள்ளையின் கைக்குக் கீழே கொண்டுபோய், உங்கள் கை பொருளைத் தொட, பிள்ளையின் கை உங்கள் கைமேல் விருப்பப்படி இருக்கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். தொடுவதற்கு முன் பெயர் சொல்லுங்கள், அல்லது கேட்காத பிள்ளைக்குத் தோளில் உறுதியாக ஒரு தொடுகை. மெல்லிய வருடல்தான் கூச்சத்தைக் கிளப்பும்.

8. கொந்தளிப்பு வந்தால்

அடம் என்பது ஒன்றைப் பெறுவதற்காக, கிடைத்தால் நிற்கும். புலன் தாங்க முடியாமல் வரும் கொந்தளிப்பு அப்படி நிற்காது. அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், விளக்கை மங்கலாக்குங்கள், மற்றவர்களை விலக்குங்கள். அமைதி மூலை ஒன்று முன்பே இருக்கட்டும். அதைத் தண்டனைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஒலி அடைக்கும் காதுமூடி பலருக்கு உதவும். ஆனால் காது மிஷின்மேல் மாட்டினால் விசிலடிக்கும். அவர்களுக்குக் கருவியின் ஒலியைக் குறைப்பதுதான் வழி. பிள்ளையை அமைதிப்படுத்தும் என்று விற்கப்படும் எடை நிரப்பிய மேலங்கி பற்றி விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு ஆய்வுச் சான்று கிடையாது; அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

முடிந்தபின் மூன்று வரி எழுதுங்கள்: முன்பு என்ன நடந்தது, என்ன செய்தது, பிறகு என்ன ஆனது. வெண்கோல், காது மிஷின், பேச்சுக்குப் பதிலான பட அட்டைகள், டேப்லெட் ஆகியவற்றைத் தண்டனையாகப் பிடுங்கவே கூடாது. அவை அந்தப் பிள்ளையின் குரலும் கண்ணும்.

தீ ஒத்திகையை மறந்துவிடுவோம். எச்சரிக்கை மணி சிலருக்குக் கேட்காது, சிலருக்கு உயிர் போகும் அளவுக்குக் கேட்கும். ஒத்திகை நாளை முன்பே தெரிந்துகொண்டு, மணி இல்லாமல் அந்தப் பாதையில் பலமுறை நடந்து பழக்குங்கள்.

9. செலவை இந்த வரிசையில் செய்யுங்கள்

காசே ஆகாதவை முதலில்: இடமாற்றம், காலிச் சுவர், காத்திருப்பு, பொருள் அட்டவணை. பிறகு சில்லறைச் செலவுகள்: தடித்த கோடு போட்ட நோட்டு, கறுப்பு மார்க்கர், சாய்வுப் பலகை, வெல்க்ரோ, நாற்காலிக் குமிழ்கள். பெரிய எழுத்து அச்சு என்றால் 18 புள்ளி அளவில் தொடங்குங்கள். பார்வைப் பரப்பு குறுகிய பிள்ளைக்கு மிகப் பெரிய எழுத்து தீங்குதான், ஒரு நேரத்தில் ஒரு எழுத்துதான் தெரியும். விண்டோஸ் கணினி இருந்தால் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசம். பெரும்பாலான செல்பேசிகளில் திரைவாசிப்பு வசதி உள்ளேயே இருக்கிறது.

பெரிய செலவு கடைசியில். ஆசிரியர் குரலை நேரே பிள்ளையின் காது மிஷினுக்கு அனுப்பும், ஆசிரியர் அணியும் ஒலிவாங்கி, மின்னணு உருப்பெருக்கி, திரையில் உள்ளதைத் தொட்டுப் படிக்கும் பிரெயில் காட்டி எல்லாம் விலை உயர்ந்தவை. வாங்கும் முன் இரவல் கேட்டு இரண்டு வாரமாவது வகுப்பில் சோதித்துப் பாருங்கள். கருவியோடு பொருந்துமா, பழுதானால் யார் பார்ப்பார்கள், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இருக்கும் தொகையில் நான் முதலிடம் தருவது ஆசிரியர் ஒலிவாங்கிக்குத்தான், பிள்ளைக்குக் கேட்கும் திறன் மிச்சம் இருக்கும் பட்சத்தில். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டினால், வகுப்பின் மறு கோடியில் இருந்தாலும் பக்கத்தில் பேசுவது போலக் கேட்கும். ஓய்வறைக்குப் போகும்போது அணைக்க மறக்காதீர்கள். பிள்ளைக்கு எல்லாமே கேட்கும்.

10. தேர்வும் அடுத்த ஆண்டும்

கூடுதல் நேரம், எழுதுபவர், தனி அறை, பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில், படமில்லாத மாற்று வினா போன்ற சலுகைகளுக்குப் பெரும்பாலும் கடைசித் தேதி தேர்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே படிவம் கேளுங்கள். ஆட்டிசம், புலன் குறைபாடு இரண்டுக்கும் தனித்தனிச் சான்று கேட்கக்கூடும். சான்றின் செல்லுபடிக் காலம் தேர்வு நாளைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். மாணவர் சலுகையை முதன்முதலாகத் தேர்வறையில் சந்திக்கக் கூடாது. எழுதுபவரிடம் விடை சொல்வது தனித் திறமை. வகுப்புத் தேர்வுகளில் பழகியிருக்க வேண்டும். வகுப்பில் வழக்கமாகப் பயன்படுத்திய சலுகை என்று உங்கள் பதிவேடு காட்டினால் கோரிக்கைக்கும் வலு சேரும்.

ஆண்டு முடியும்போது அடுத்த ஆசிரியருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள். வேலை செய்தவை மட்டும் போதாது, முயன்று பலிக்காதவற்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவரும் அதே மூன்று மாதத்தை அதில் செலவழிப்பார். பொருள் அட்டவணைப் பெட்டியை அப்படியே ஒப்படையுங்கள். விடுமுறைக்கு முன் பிள்ளையைப் புது வகுப்புக்குச் சில முறை கூட்டிப்போய், காலியான அறையைத் தொட்டு, நடந்து பார்க்க விடுங்கள். புது ஆசிரியரின் பெயருக்கு ஒரு சைகையோ, அவர் எப்போதும் அணியும் ஒரு பொருளோ அப்போதே முடிவாகிவிட்டால் முதல் நாள் வேலை பாதி குறையும்.